ஒரு சொட்டும் சிந்தாமல்: தண்ணீரால் குளிரூட்டும் கணினிக்குச் சரியான பிட்டிங் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கணினிக்குள் தண்ணீர் ஓடப்போகிறது என்று நான் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்கே ஒழுகும்?" ஒழுகுமா என்று கேட்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவருக்கு அந்த ஐயம் கிடையாது. மரத்தில் பால் வடியும் தகரப் பீலி சரியாகப் பதியாவிட்டால் பால் மங்கு என்னும் கிண்ணத்துக்குள் விழாது. பட்டை வழியே வழிந்து மண்ணுக்குப் போய்விடும். வாளி ஓட்டையாகிப் போன பாலைவிடப் பீலி பதியாமல் போன பால்தான் அதிகம் என்பார்.

அவர் கேட்ட கேள்விக்கு ஒன்பதாம் நாள் விடை கிடைத்தது. குழாய் கிழியவில்லை, ரேடியேட்டர் ஓட்டையாகவில்லை. குழாயும், அதைப் பாகங்களோடு இணைக்கும் பிட்டிங்கும் சேரும் இடத்திலிருந்து மூன்று சொட்டு இறங்கி, கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் உட்கார்ந்திருந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்த்துப் பிழைக்கும் எனக்கே அந்த நிலை. பிட்டிங்கை நான் பலமாகத்தான் முறுக்கியிருந்தேன். அந்தப் பலம் எதற்கும் உதவவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

சொந்தமாகக் குழாய் வெட்டி, சொந்தமாகப் பூட்டப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினியின் மூளையான சிபியுவின் சூடு குறைந்தால் போதும் என்பவர்கள், ஆலையிலேயே தண்ணீர் நிரப்பி மூடி வரும் ஏ.ஐ.ஓ. குளிரூட்டியை வாங்கிக்கொண்டு இங்கேயே நிறுத்திவிடலாம். அதில் நீங்கள் பூட்ட வேண்டிய தண்ணீர் இணைப்பு ஒன்றுகூட இல்லை. வெட்கப்பட வேண்டிய முடிவும் இல்லை.

படி 1: காகிதத்தில் சுற்றை வரைந்து, இணைப்புகளை எண்ணுங்கள்

கடைப் பக்கத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போகும் வழியை வரையுங்கள்: தொட்டியும் பம்ப்பும், சிபியுவின் மேல் அமர்ந்து சூட்டை வாங்கும் சிபியு பிளாக், அந்தச் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர், மறுபடி தொட்டி. ஒவ்வொன்றுக்கும் நுழைவாய் ஒன்று, வெளிவாய் ஒன்று. தொட்டியும் பம்ப்பும் ஒரே உடம்பாக இருந்தால் மொத்தம் 6 பிட்டிங். கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்தால் 8. அடியில் தண்ணீரை வடிக்க மூன்று வாய் உள்ள ஒரு டி-பிட்டிங்கும் வால்வும் வைத்தால் இன்னும் கூடும். வடிகால் இல்லாமல் கட்டாதீர்கள். அது இல்லாத சுற்றைப் பழுது பார்க்கத் திறக்கும் நாளில் கணினியையே தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பிட்டிங்கிலும் தண்ணீர் தப்பிக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று, பிளாக்கிலோ ரேடியேட்டரிலோ திருகும் மரைப் பக்கம். மற்றொன்று, குழாயைப் பிடிக்கும் பக்கம். ஆக 8 பிட்டிங் என்றால் 16 இடம். திரும்பும் முழங்கை பிட்டிங், அதாவது 90 பாகையோ 45 பாகையோ வளைந்து சுழலக்கூடியது, தன் உடம்புக்குள்ளேயே இன்னொரு ரப்பர் வளையத்தை வைத்திருக்கிறது. அழகுக்காக அதை நான்கு இடத்தில் போட்டால், ஒழுகக்கூடிய இடம் குறைந்தது நான்கு கூடிவிட்டது. மென்குழாயைக் கொஞ்சம் நீளமாக விட்டு இயல்பாக வளைத்தாலே பெரும்பாலான முழங்கைகள் தேவைப்படாது.

வரைபடத்தில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வாய்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி? கிராஃபிக்ஸ் கார்டு பிளாக்கில் அவை நெருங்கியிருக்கும். பருமனான குழாய்க்கான பிட்டிங்கின் கழுத்தும் பருமனானது. இரண்டு கழுத்தும் ஒன்றோடொன்று முட்டினால் ஒன்று முழுதாக இறங்காது. இறங்காத பிட்டிங் சாய்ந்து நிற்கும். சாய்ந்து நின்றால் ஒழுகும்.

படி 2: குழாயை முதலில் முடிவு செய்யுங்கள், பிட்டிங்கைப் பிறகு

பலரும் மினுமினுக்கும் பிட்டிங்கைப் பார்த்து மயங்கி, அதற்கேற்ற குழாயைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழ். குழாய்தான் பிட்டிங்கின் அளவையும் வகையையும் தீர்மானிக்கிறது.

முதல்முறை கட்டுபவருக்கு என் பரிந்துரை மென்குழாய். அதிலும் கறுப்பு இ.பி.டி.எம். ரப்பர். கண்ணாடி போன்ற மென் பி.வி.சி. குழாய் பார்க்க அழகு. ஆனால் அதை வளையச் செய்வதற்காகச் சேர்த்திருக்கும் மென்மையூட்டி காலப்போக்கில் கசிந்து தண்ணீரில் கலக்கும், குழாய் மங்கும், பிளாக்கின் நுண்ணிய செதில்களில் பிசினாகப் படியும். சூட்டில் தொய்வதும் பி.வி.சி.தான். இ.பி.டி.எம். இதையெல்லாம் நன்றாகத் தாங்கும்.

பெயரில் ரப்பர் இருப்பதால் நம் மரத்துப் பால் என்று எண்ண வேண்டாம். இது பெட்ரோலிய எத்திலீன், புரொப்பிலீன் வழி வந்த செயற்கை ரப்பர். இங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள கோலகங்சாரில் 1877-இல் கித்தா, அதாவது ரப்பர், கன்றுகள் நட்டார்கள். பேராக்கில் தோட்டங்கள் எழுந்ததும் நம் முன்னோர் கப்பலேறி வந்ததும் அந்த மரத்தை ஒட்டிய கதை. அவர்களின் பேரன் ஆலை ரப்பரை இணையத்தில் வாங்குகிறான்.

வன்குழாய் என்றால் பெட்ஜி (PETG) பிளாஸ்டிக், அக்ரிலிக், கண்ணாடி, செம்பு. நம் ஊர் வெப்பத்துக்கு பெட்ஜி எனக்கு அறவே பிடிக்காது. தகரக் கூரை வீட்டின் மாடி அறை பிற்பகலில் 33, 34 பாகை செல்சியஸைத் தொடும். நல்ல சுற்றில்கூடத் தண்ணீர் அறையைவிட 10 முதல் 15 பாகை கூடுதலாக இருக்கும். அதாவது 43 முதல் 49 வரை. இந்த அளவு பெட்ஜிக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பம்ப் நின்றுவிட்டால், அல்லது விசிறி ஒன்று செத்துவிட்டால், தண்ணீர் 60-ஐத் தாண்டலாம். அப்போது பிட்டிங்கின் பிடிக்குள் இருக்கும் பெட்ஜி இளகி ஒடுங்கும். பிட்டிங்கின் ரப்பர் வளையம் பிடியை விடும். அக்ரிலிக் இன்னும் அதிக சூட்டைத் தாங்கும், ஆனால் வெட்டும்போது விரிசல் விடும் குணம் அதற்கு உண்டு. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறோம்.

இனி அளவு. என் மூன்று சொட்டும் இங்கேதான் பிறந்தன.

குழாய்க்கு இரண்டு அளவு உண்டு: உள்விட்டம், வெளிவிட்டம். மென்குழாயில் பரவலாகக் கிடைப்பவை 10/13, 10/16, 13/16, 13/19 மி.மீ. சிலர் இதையே அங்குலத்தில் எழுதுவார்கள்: 3/8–1/2, 3/8–5/8, 1/2–5/8, 1/2–3/4. முதல் எண் உள்ளே, இரண்டாவது வெளியே. சிலர் திருப்பியும் போடுவார்கள். நான் வாங்கிய பிட்டிங் 13/19-க்கானது. குழாய் விற்றவர் விளம்பரத்தில் "13 மி.மீ. குழாய்" என்று மட்டும் எழுதியிருந்தார். வந்தது 13/16. உள்விட்டம் சரியாக இருந்ததால் குழாய் பிட்டிங்கின் மூக்கில் அழகாக ஏறி உட்கார்ந்தது. கழுத்து வளையமும் திருகி இறங்கியது. ஆனால் சுவர் 3 மி.மீ. தடிமன் இருக்க வேண்டிய இடத்தில் 1.5 மி.மீ. மட்டுமே, வளையம் குழாயை நெருக்கவே இல்லை. குளிர்ந்திருந்தவரை ரப்பரின் இழுவிசையே தண்ணீரைப் பிடித்துவைத்தது. விளையாட்டு நான்கு மணி நேரம் ஓடிச் சூடேறியதும் விட்டுவிட்டது.

ஆகவே இரண்டு எண்ணும் எழுதப்படாத குழாயை வாங்காதீர்கள். வந்த குழாயை வெர்னியர் அளவியால் அளந்து பாருங்கள். உலோக வெர்னியர் இல்லாவிட்டால் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஒன்று போதும். இந்த வேலைக்கு அதன் துல்லியம் தாராளம்.

அளவு பெரிதானால் குளிர்ச்சி கூடுமா என்று கேட்பவர்களுக்கு: 10 மி.மீ. உள்விட்டத்துக்கும் 13 மி.மீ. உள்விட்டத்துக்கும் வெப்பநிலையில் நீங்கள் கவனிக்கும்படியான வேறுபாடு வராது. இட வசதியையும் தோற்றத்தையும் பார்த்து முடிவெடுங்கள். தடித்த சுவர் உள்ள 10/16 குழாய் வளைவில் மடிந்து ஒடுங்காது. சிறிய பெட்டிக்கு என் கை அதையே தேடும்.

படி 3: மரையைச் சரிபாருங்கள்

கணினி நீர்க் குளிரூட்டிகளில் ஏறக்குறைய எல்லா வாயும் ஜி 1/4 என்ற மரைதான். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. என்று கணக்குப் போட்டு அளந்தால் குழம்பிப்போவீர்கள். மரையின் வெளிவிட்டம் சுமார் 13.2 மி.மீ. பழைய இரும்புக் குழாயின் உள்துளையை வைத்துப் பெயரிட்ட வழக்கம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்குலத்துக்கு 19 புரி. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் பார்க்கும் அரை அங்குல மரை ஏறக்குறைய 21 மி.மீ.; அது இதில் நுழையவே நுழையாது, ஆகவே அதனால் ஆபத்தில்லை.

ஆபத்து, நுழைந்துவிடும் பிட்டிங்கில்தான் இருக்கிறது. டயர் கடையிலும் காற்றழுத்தக் கருவி விற்கும் கடையிலும் பித்தளையில் கால் அங்குல பிட்டிங் கிடைக்கும். விலை மிகக் குறைவு. அதே 19 புரி. கணினி வாயில் இரண்டு மூன்று சுற்று அருமையாக ஏறும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கூம்பு மரை: நுனியில் ஒடுங்கி, உள்ளே போகப் போகப் பருத்துக்கொண்டே வரும். கூம்பு மரை தன்னைத்தானே ஆப்பு போல இறுக்கிக்கொண்டு, குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பின் துணையோடு தண்ணீரை நிறுத்துகிறது. இரும்பிலும் பித்தளையிலும் அது சரி. அக்ரிலிக் தொட்டியில் அந்த ஆப்பு என்ன செய்யும்? பிளக்கும். உடனே பிளந்தால் நல்ல காலம். மயிரிழை விரிசலாகத் தொடங்கி ஒரு மாதம் கழித்துப் பிளந்தால் கணினியும் சேர்ந்து போகும்.

ஜி 1/4 நேர் மரை. நுனி முதல் அடி வரை ஒரே பருமன். மரை தண்ணீரை நிறுத்துவதே இல்லை. பிட்டிங்கைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. தண்ணீரை நிறுத்துவது கழுத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் வெள்ளை டேப் சுற்றும் ஆசை தானாகப் போய்விடும். டேப் சுற்றினால் என்ன கெடுதல் என்று கேட்காதவர் இல்லை. சுற்றிய டேப் கழுத்தடியில் சுருண்டு, ஓ-ரிங் தட்டையாக அமர விடாமல் தூக்கிப் பிடிக்கும். பிய்ந்த துணுக்கு பம்ப்புக்குள் போகும்.

மரையின் நீளத்தையும் பாருங்கள். கணினிக்கென்று செய்த பிட்டிங்கில் மரை குட்டையாக, 5 மி.மீ. அளவில் இருக்கும். நீளமானதைத் திருகினால் சில பிளாக்குகளில் நுனி உள்ளே அடித்தளத்தில் முட்டும். அப்போது கழுத்து கீழே இறங்காது, ஓ-ரிங் நசுங்காது. கைக்கு இறுகியது போலத் தோன்றும்.

படி 4: ஓ-ரிங்கை உற்றுப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஓ-ரிங் நசுங்க வேண்டும். ஆனால் நைந்துபோகக் கூடாது. கழுத்து பிளாக்கின் முகத்தை முழுவட்டமாகத் தொடும்போது ஓ-ரிங் தன் பள்ளத்துக்குள் தேவையான அளவு நசுங்கியிருக்கும். அதற்கு மேல் இறுக்குவதால் ஒரு பயனும் இல்லை, ஏனெனில் அதற்குப் பிறகு நசுங்குவது ரப்பர் அல்ல. உலோகம் அக்ரிலிக்கின் மேல் ஏறுகிறது. எங்கள் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் விரிசல் விட்ட தொட்டியைக் கொண்டுவந்து, "அண்ணே, பலமாகத்தான் இறுக்கினேன், எப்படி ஒழுகியது?" என்று கேட்டான். பலமாக இறுக்கியதால்தான், தம்பி.

நல்ல ஓ-ரிங் கறுப்பாகவோ வேறு நிறத்திலோ இருக்கலாம், நிறத்தில் ஒன்றுமில்லை. விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பில் பிதுங்கிய மெல்லிய விளிம்பு, வெட்டு, தட்டையான இடம், விரிசல், ஒட்டிய மணல் எதுவும் இருக்கக் கூடாது. இலேசாக இழுத்து விட்டால் உடனே பழைய வட்டத்துக்குத் திரும்ப வேண்டும். பிட்டிங்கை மேசையில் கவிழ்த்துப் பாருங்கள்: ஓ-ரிங் கழுத்தின் பள்ளத்திலிருந்து சற்றே வெளியே துருத்திக்கொண்டிருக்க வேண்டும். பள்ளத்துக்குள் மறைந்துவிட்டால், அது மெலிந்த ஓ-ரிங். எவ்வளவு முறுக்கினாலும் தண்ணீரை நிறுத்தாது.

வழக்கமாக வருபவை நைட்ரைல் ரப்பர் அல்லது இ.பி.டி.எம். தண்ணீருக்கும், சுற்றில் ஊற்றும் கிளைகால் கலந்த குளிர்நீருக்கும் (கூலண்ட்) இரண்டும் பொருந்தும். எண்ணெய்தான் பிரச்சினை. நம் வீடுகளில் ரப்பர் ஷீட்டை எண்ணெயிலிருந்து தள்ளி வைக்கச் சொல்வார்கள். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பிப் பிசுபிசுத்துவிடும். இ.பி.டி.எம்.-க்கும் அதே பலவீனம் உண்டு. ஆகவே ஓ-ரிங் வழுக்குவதற்கு வாசலின், மோட்டார் கிரீஸ், தேங்காய் எண்ணெய் எதையும் தடவாதீர்கள். சிலிக்கோன் கிரீஸ் கடுகளவு போதும். ஓ-ரிங்கே சிலிக்கோனால் ஆனது என்றால் மட்டும் அதையும் தவிர்த்துவிட்டு, குளிர்நீரில் நனைத்துப் பூட்டுங்கள்.

மாற்று ஓ-ரிங் பத்துப் பன்னிரண்டு சேர்த்தே வாங்கி வையுங்கள். கழற்றிய பிட்டிங்கில் ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் அதையே மறுபடி போடும் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 5: பிட்டிங் வகையைத் தேர்ந்தெடுங்கள்

மென்குழாய்க்கு இரண்டு வழி. பார்ப் என்பது வரிவரியாக மேடு உள்ள வெறும் மூக்கு. குழாயை அதில் ஏற்றி, மேலே ஒரு கிளிப்பை முறுக்க வேண்டும். பார்க்க மோட்டார் வண்டியின் எஞ்சின் போல இருக்கும். ஆனால் விலை குறைவு, கெட்டுப்போகும் பாகம் குறைவு, கழுத்து ஒடுக்கமானது. மூக்கைவிடச் சற்றுச் சிறிய உள்விட்டக் குழாயை வெந்நீரில் நனைத்து ஏற்றினால் இழுத்தாலும் வராது. ஒழுகாமை ஒன்றே குறி என்றால் பார்ப் எந்த விலையுயர்ந்த பிட்டிங்குக்கும் தோற்காது. இதைச் சொன்னால் இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள்; ஒளி விளக்குப் போட்ட பெட்டிக்குள் கிளிப் தெரிவது அவர்களுக்கு மானப் பிரச்சினை.

கம்ப்ரஷன் பிட்டிங்கில் அதே மூக்குக்கு மேல் ஒரு திருகு வளையம் இறங்கிக் குழாயை வெளியிலிருந்து நெருக்குகிறது. அழகு, பிடி இரண்டும் உண்டு. நிபந்தனை ஒன்றே: குழாயின் இரு அளவும் பிட்டிங்கில் எழுதியிருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும். 10/13-க்கான வளையம் 10/16 குழாயில் ஏறாது. 10/16-க்கான வளையம் 10/13-ஐப் பிடிக்காது.

வன்குழாய்க்கு 12, 14, 16 மி.மீ. என்று வெளிவிட்டத்தைப் பார்த்து வாங்க வேண்டும். அங்கே ஓ-ரிங் குழாயின் வெளிப்பக்கத்தைக் கவ்வுகிறது. வெறும் ஓ-ரிங் உராய்வை மட்டும் நம்பி அழுத்திச் செருகும் வகையைத் தவிருங்கள். திருகு வளையமும், முடிந்தால் இரண்டு ஓ-ரிங்கும் உள்ளதை எடுங்கள். கணினியைத் தூக்கிக்கொண்டு விளையாட்டுப் போட்டிக்குப் போகிறவர் என்றால் வன்குழாய் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

குவிக் டிஸ்கனெக்ட் என்னும் வகை, இழுத்தவுடன் இரு பக்கமும் தானே மூடிக்கொள்ளும். கழற்றும்போது ஓரிரு சொட்டுதான் சிந்தும். விலை கடிக்கும், தண்ணீர் ஓட்டத்தைச் சற்றுத் தடுக்கும். கிராஃபிக்ஸ் கார்டை அடிக்கடி மாற்றுபவருக்கு ஒரு ஜோடி பயன்படும். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

படி 6: உலோகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

நிக்கல் பூசிய பித்தளை. அவ்வளவுதான். பிளாக்கும் பெரும்பாலான ரேடியேட்டர்களும் செம்பு, பித்தளை வகை. அந்தச் சுற்றில் அலுமினியம் ஒன்று கலந்துவிட்டால் மின்வேதி அரிப்பு தொடங்கும், அலுமினியம் தின்னப்படும். அலுமினிய ரேடியேட்டரோடு வரும் மலிவுத் தொகுப்பின் பாகங்களைச் செம்புப் பாகங்களோடு சேர்க்காதீர்கள். கையில் எடுத்தால் பித்தளை கனக்கும். காகிதம் போல இருக்கும் பிட்டிங்கை நம்பாதீர்கள்.

படி 7: வாங்குதல்

ஈப்போவிலோ கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலோ கையில் தொட்டுப் பார்த்து வாங்க முடிந்தால் நல்லது. முடியாதவர்களுக்கு ஷோப்பி, லசாடா போன்ற இணையக் கடைகள் இருக்கின்றன. ஜெர்மனியின் அல்ஃபாகூல், தைவானின் பிட்ஸ்பவர், அமெரிக்காவின் கூலான்ஸ், சீனாவின் பாரோ, பைக்ஸ்கி ஆகியவை இத்துறையில் நன்கு அறியப்பட்ட பெயர்கள். விலை குறைந்தது என்பதற்காகவே சீனப் பொருளை ஒதுக்க வேண்டியதில்லை. என் மேசையில் ஓடும் கணினியில் அதுதான் இருக்கிறது. எல்லா பிட்டிங்கையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வாங்குங்கள், தேவைக்கு மேல் இரண்டு சேர்த்து வாங்குங்கள். குழாயையும் அதே கடையில் எடுத்தால் அளவுத் தகராறு பாதி தீரும்.

பார்சல் வந்ததும் ஒவ்வொன்றையும் வெறுங்கையால் ஒரு பிளாக்கில் திருகிப் பாருங்கள். முதல் சுற்றிலிருந்தே வெண்ணெய் போல இறங்க வேண்டும். தடுக்கினால் நிறுத்துங்கள். குறுக்காக ஏறிய மரை ஒன்று, நல்ல பிளாக்கையும் கெடுத்துவிடும். சுழலும் முழங்கையை ஆட்டிப் பாருங்கள். சுழலலாம், ஆடக் கூடாது.

படி 8: வெட்டுங்கள், பூட்டுங்கள்

குழாயைச் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டினால் முனை சாய்ந்து நசுங்கும். குழாய் வெட்டும் கத்தரி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். அல்லது புதிய பிளேடு. முனை செங்குத்தாக இருக்க வேண்டும். வன்குழாயாக இருந்தால் வெட்டிய விளிம்பை உள்ளும் புறமும் தேய்த்து மழுக்குங்கள். கூரான விளிம்பு உள்ளே போகும்போது ஓ-ரிங்கைச் சீவிவிடும், அது வெளியே தெரியவும் தெரியாது.

பூட்டும் வரிசை இது. முதலில் பிட்டிங்கின் உடம்பை வாயில் விரலால் திருகி, கழுத்து முகத்தைத் தொடும்வரை இறக்குங்கள். திருகு வளையத்தைக் குழாயில் முன்கூட்டியே மாட்டிக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டுக் குழாயைப் பிய்த்தெடுக்காத ஆள் இல்லை. குழாய் முனையை வெந்நீரில் சில நொடி வைத்து, மூக்கின் அடிவரை, இடைவெளியே தெரியாமல் ஏற்றுங்கள். பிறகு வளையத்தை இறக்கி விரலால் இறுக்குங்கள். ரேடியேட்டரின் உலோக வாயில் ஸ்பானரால் ஒரு சிறு தள்ளல் தரலாம். அக்ரிலிக்கில் ஸ்பானர் தொடவே கூடாது.

குழாய் பிட்டிங்கைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். இழுத்தால் குழாய் குட்டை. புதிதாக வெட்டுங்கள்.

படி 9: காற்றால் சோதியுங்கள்

தண்ணீர் ஊற்றுமுன் காற்று. அழுத்தமானி பொருத்திய சிறு கைப்பம்ப் இதற்கென்றே கிடைக்கிறது. பிட்டிங்குக்குச் செலவழித்தவர் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. காலியான சுற்றின் எல்லா வாயையும் மூடி, 0.5 பார் வரை காற்றேற்றுங்கள். சுற்றில் தண்ணீரை ஓட்டும் பம்ப்புகள் தரும் அழுத்தமே அரை பாரை ஒட்டித்தான் இருக்கும், ஆகவே அதற்கு மேல் சோதிக்கத் தேவையில்லை. பாகங்களின் கையேட்டில் இன்னும் குறைந்த எல்லை சொல்லியிருந்தால் அதுவே சட்டம். பெட்ரோல் நிலையத்தில் கார் டயருக்கு 200 கிலோபாஸ்கலுக்கு மேல் அடிக்கிறோம், 0.5 பார் என்பது 50 கிலோபாஸ்கல். டயர் கம்ப்ரஷரைக் கொண்டுவந்து மாட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மென்குழாய் முதலில் கொஞ்சம் விரிவதால் முள் சற்று இறங்கும். மறுபடி ஏற்றிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால் வெற்றி. நிதானமாக இறங்கிக்கொண்டே இருந்தால், எங்கோ ஓர் ஓ-ரிங் அமரவில்லை. பாகங்கள் பெட்டிக்கு வெளியே இருக்கும் நிலையில், சைக்கிள் டியூபுக்குச் செய்வதுபோல் சோப்பு நுரையைத் தூரிகையால் தடவுங்கள். குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சோதனையை வெயில் விழும் இடத்திலோ குளிர்சாதனத்தின் நேர் எதிரிலோ வைக்காதீர்கள். சூடு மாறினால் முள்ளும் மாறும்.

படி 10: தண்ணீரால் சோதியுங்கள்

வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் மினரல் தண்ணீரும் ஆகாது. பெட்ரோல் நிலையத்தில் விற்கும் பேட்டரி தண்ணீரை வாங்குவதானால், வடித்தது அல்லது அயனி நீக்கியது என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அமிலம் கலந்த புட்டியும் அதே அலமாரியில் நிற்கலாம்.

மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, சேமிப்பகம் எல்லாவற்றின் மின்வயரையும் கழற்றிவிட்டு, பம்ப்புக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். பவர் சப்ளையின் 24 முனை இணைப்பில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சேர்த்தால் அது தனியாக ஓடும். இப்போதைய வயர்கள் எல்லாமே கறுப்பாக இருப்பதால் ஊகித்துச் சொருகாதீர்கள். இதற்கென்று விற்கும் சிறு பிளக்கை வாங்குங்கள். தொட்டியை நிரப்பி, பம்ப்பைச் சில நொடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி நிரப்பி, இப்படியே சுற்றை முழுமையாக்குங்கள். பம்ப் வறண்டு ஓடக் கூடாது.

ஒவ்வொரு பிட்டிங்கின் அடியிலும் வெள்ளை டிஷ்யூ தாளை மடித்து வையுங்கள். 24 மணி நேரம் ஓட விடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தாள் இலேசாக நமத்துப்போவது இயல்பு. வட்டமான கறை விழுந்தால்தான் கவலை. குழாய் வியர்த்துச் சொட்டுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். வியர்க்காது. சாதாரண சுற்றில் தண்ணீர் அறையின் வெப்பத்தைவிடக் கீழே போவதே இல்லை. பனிக்கட்டியோ குளிர்விப்பானோ சேர்த்தால்தான் அந்தப் பேச்சு.

சோதனை முடிந்ததும் வடித்துவிட்டு, அரிப்புத் தடுப்பும் பாசித் தடுப்பும் கலந்த குளிர்நீரை ஊற்றுங்கள். முதல் வாரத்தில் கணினி நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு ஒவ்வொரு கம்ப்ரஷன் வளையத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். புதிய மென்குழாய் சூட்டில் ஒடுங்கி, வளையம் சற்றுத் தளர்ந்திருக்கும். கால் சுற்று இறுகினால் வியப்பில்லை. அதன் பிறகு ஆண்டுக்கொருமுறை தண்ணீர் மாற்றும்போது பார்த்தால் போதும்.

ஒழுகியே விட்டால்

சுவர் சுவிட்சை அணையுங்கள். கணினியின் பொத்தானைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மின்வயரைப் பிடுங்குங்கள். வடிகால் வால்வைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். வடிநீர் மின்சாரத்தைக் கடத்தாது என்ற நம்பிக்கையில் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். சுற்றில் சில நாள் ஓடிய தண்ணீரில் உலோக அயனிகள் கலந்திருக்கும், கார்டின் மேலுள்ள தூசும் கலந்துவிடும். நனைந்த பாகத்தைக் கழற்றி, 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, விசிறிக் காற்றில் இரண்டு நாள் வையுங்கள். மழைக்காலத்தில் மூன்று நாள். அந்த ஆல்கஹால் அக்ரிலிக் பாகத்தில் படக் கூடாது. இறுகியிருக்கும் அக்ரிலிக்கில் நுண்விரிசல் விழும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், அரிசித் தூள்தான் இடுக்குகளில் ஏறும்.

என் கார்டு இப்படித்தான் மூன்றாம் நாள் பிழைத்தது. 13/16 குழாயைச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்தேன். வீட்டுப் பின்புறம் மழைத் தொட்டியிலிருந்து கறிவேப்பிலைச் செடிக்கு இழுத்துவிட்டிருக்கிறார். அங்கேயும் இணைப்பில் ஒழுகுகிறது. செடிக்குத்தானே போகிறது என்கிறார்.